ஜன்னலில் ஒரு வெள்ளைப் பூ

ட்ரிங்... ட்ரிங்...

யாங்குயி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அண்ணி... மோ பேசறேன். ஸ்டேஷன்லேர்ந்து."

இன்ஸ்பெக்டர் மோ, அவள் கணவன் வோயுவுக்குச் சித்தப்பா மகன். எப்போது பேசினாலும் "டீ இருக்கா அண்ணி?" என்றுதான் ஆரம்பிப்பான். இன்று டீ கேட்கவில்லை.

"என்னடா?"

"அண்ணன்... பாறைக்குக் கீழ... அண்ணி, முதல்ல உட்காருங்க."

அவள் உட்காரவில்லை. விழுந்தாள்!

தைவானின் அலிஷான் மலையில், பனி மூடிய பாறைகளில், பாசியைப் பிடித்துக்கொண்டு வளரும் சின்னஞ்சிறு ஆர்க்கிட் ஒன்று உண்டு. ஒரு கிழங்கு, ஒரு இலை, ஒரு பூ. அவ்வளவுதான். ஊரில் எல்லோர் வீட்டுத் தொட்டியிலும் ரோஸ் நிறத்தில் பூத்தது.

வோயுவிடம் மட்டும் ஒரு வெள்ளை! பெற்ற பிள்ளை போல வளர்த்தான்.

சவ அடக்கத்தில் அதிகம் அழுதது வோயுவின் சிநேகிதன் அவாய்தான். பெட்டியைக் குழியில் இறக்கும்போது அவனைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது.

வீடு திரும்பி, செடிக் கொட்டகைக்குள் போன யாங்குயி அலறினாள்.

"மோ! நீலத் தொட்டியைக் காணோம்! வெள்ளை இருந்த தொட்டி!"

"அப்படின்னா... அண்ணன் வழுக்கி விழலை..."

"தள்ளி விட்டிருக்காங்கடா பாவிங்க! உங்க அண்ணன் அந்தப் பாறையில கண்ணை மூடிக்கிட்டு நடப்பாரு. ஒரு பூவுக்காகவா... ஒரு பூவுக்காகவாடா ஆளைக் கொல்லுவாங்க?"

"வீடு வீடா தேடறேன் அண்ணி."

"எதைத் தேடுவே? தொட்டியை மாத்தியிருப்பான். குளிர்காலம் வேற. இலை உதிர்ந்து எல்லாக் கிழங்கும் சின்ன வெங்காயம் மாதிரி கிடக்கு. எது வெள்ளை, எது ரோஸுன்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

"அப்ப என்ன பண்றது?"

"பூக்கட்டும். அதுவே காட்டிக் குடுக்கும்."

காத்திருந்தாள். அந்தக் குளிர் அவளைப் பாதியாக்கிவிட்டது. அவாய் அடிக்கடி வந்து விறகு பிளந்து போட்டான். மூங்கில் குழாயில் வேகவைத்த சோறு கொண்டு வந்தான்.

"ரெண்டு வாய் சாப்பிடு தங்கச்சி. வோயு இருந்தா திட்டுவான்."

அவனுக்காகவே சாப்பிட்டாள். இந்த ஒரு மனுஷனாவது இருக்கிறானே என்று நினைத்தாள்.

வசந்தம் வந்தது.

ட்ரிங்... ட்ரிங்...

"அண்ணி! வெள்ளை பூத்துருச்சு! ரோட்டுல போறவங்கல்லாம் நின்னு பார்க்கறாங்க!"

"யார் வீட்ல?"

"நீங்க கிளம்பி வாங்க அண்ணி..."

"மோ! யார் வீட்லடா?"

"அவாய் அண்ணன் வீட்டு ஜன்னல்ல..."

தேயிலை பறிக்கப் போய் அங்கேயே தங்கியிருந்த அவாய் அப்போதுதான் வந்துகொண்டிருந்தான். வாசலில் யாங்குயி, மோ. ஜன்னலில் பளீரென்று அந்தப் பூ! முதுகுக் கூடை நழுவியது.

"இது... இது எப்படி..?"

"அதை நாங்க கேக்கணும் அண்ணே," என்றான் மோ.

"நான் திருடலை! சத்தியமா! புது வருஷ விருந்தன்னிக்கு வோயு அவன் கையாலயே குடுத்தது இது. ரோஸுன்னுதான் நினைச்சேன். நான் எடுத்த நீலத் தொட்டியில ரோஸுதான் பூத்துச்சு! ஓடையில வீசிட்டேன்!"

டக்கென்று வாயை மூடினான். டூ லேட்!

யாங்குயி பூவைப் பார்க்கவில்லை. பூ நின்ற கிண்ணத்தைப் பார்த்தாள். விளிம்பு உடைந்த நூடுல்ஸ் கிண்ணம். புது வருஷத்திலிருந்து அவள் அடுப்படியில் தேடிக்கொண்டிருந்த கிண்ணம்!

வோயு அவளிடம்கூடச் சொல்லாமல் வெள்ளையை இதில் நட்டுக் கொடுத்துவிட்டு, நீலத் தொட்டியில் ரோஸை வைத்திருக்கிறான்.

"பாறையில அவர் என்ன சொன்னாரு?" அவாய் பக்கம் திரும்பினாள்.

"வெள்ளையைக் குடுடான்னு கேட்டேன், தங்கச்சி... எத்தனை வருஷமா கேக்கறேன்! சிரிச்சான். 'உன் வீட்லதானேடா இருக்கு, பூக்கும்போது பாரு'ன்னான். கிண்டல் பண்றான்னு நினைச்சு... ஆத்திரத்துல..."

"தங்கச்சின்னு கூப்பிடாதே!"

அவாய் மண்ணில் உட்கார்ந்து அழுதான். இந்தத் தடவை யாரும் அவனைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"பூத்து முடிஞ்சா இந்தக் கிழங்கு செத்துரும், அவாய். பக்கத்துலயே புதுசு ஒண்ணு முளைக்கும். வோயு அப்படி முளைக்க மாட்டாரே! நான் எங்கடா போய்த் தேடுவேன்?"

சொல்லிவிட்டு அவளும் அழுதாள். வாய்விட்டு, ஊர் கேட்க அழுதாள்.

மோ விலங்கைப் பூட்டினான். கிண்ணத்தை இரண்டு கையாலும் பதமாகத் தூக்கினான்.

"அதை எங்க கொண்டு போறே?" என்றான் அவாய்.

கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு மோ சொன்னான்:

"கோர்ட்டுக்கு! என் சர்வீஸ்லயே டீ கேக்காத முதல் சாட்சி இதுதான்!"