பூஜ்ஜியம் காட்டிய மாமியார்

கண்ட்ரோல் ரூமின் சிவப்பு போன் அலறியது!

சும்மா அடிக்கிற போன் இல்லை அது. கிணற்றடியில் ஏதாவது விபரீதம் நடந்தால் மட்டும்தான் அடிக்கும். அவள் இந்த நாற்காலியில் உட்கார ஆரம்பித்ததிலிருந்து அது ஒருமுறை கூட வாயைத் திறந்ததில்லை.

பாய்ந்து எடுத்தாள்.

"கண்ட்ரோல் ரூம்..."

"அக்கா...!"

தம்பி!

"அக்கா... ஏழாம் நம்பர் வால்வு ரூம்ல... சிடுமூஞ்சி விழுந்து கெடக்குறாருக்கா! மூஞ்சியெல்லாம் நீலம் பூத்திருக்கு!"

"டேய்! நீ உள்ள போகாத! கதவைத் திறந்து வெச்சிட்டு வெளிய நில்லு!"

"போயிட்டேன்க்கா... மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இழுத்து வெளிய போட்டுட்டேன். ஆனா..."

"ஆனா?"

"மூச்சு இல்லக்கா!"

அவள் கை தானாகவே சைரன் பட்டனை அழுத்தியது.

அது பூமிக்கடியில் கேஸ் சேமிக்கும் நிலையம். வெயில் காலத்தில் கிணறுகள் வழியாகக் கேஸை ஆழத்துப் பாறை இடுக்குகளில் அழுத்தி நிரப்புவார்கள். குளிர் காலத்தில் வெளியே எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். ஊரே அந்தக் கேஸின் மேல்தான் பாய் விரித்துத் தூங்குகிறது... பாவம், அது ஊருக்கே தெரியாது!

நிலையம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அரசாங்கம் அனுப்பிய பாதுகாப்பு அதிகாரிதான் சிடுமூஞ்சி. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

இனிமேல் பார்க்கவும் முடியாது.

"அவரோட மாமியார் கத்தலையாடா?" என்று கேட்டாள்.

"கத்தலக்கா! அதான் எனக்கும் புரியல!"

மாமியார் என்றால் நெஞ்சில் தொங்கும் கருவி. கிணற்றிலிருந்து வரும் கேஸுக்கு வாசனையே கிடையாது. வீட்டு அடுப்பில் மூக்கைத் துளைக்கிறதே, அது பிறகு கலக்கிற வாசனை. அதனால் நிலையத்துக்குள் ஆளுக்கொரு கருவி. லேசாகக் கேஸ் பட்டாலே ஊரைக் கூட்டிவிடும்! அதனால்தான் அந்தப் பெயர்.

அப்படிப்பட்ட மாமியார், மனுஷன் மூச்சுத் திணறிச் சாகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தாளா?

மத்தியானத்துக்குள் தம்பியைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

"விபத்துன்னு நெனச்சேன்... கொலைக் கேஸுங்கிறாங்களே!" வீட்டு வாசற்படியிலேயே அவள் உடைந்து உட்கார்ந்தாள். "வால்வை வேணும்னே திறந்து விட்டு, ஃபேனை நிறுத்திட்டானாம்! அவரோட சண்டை போட்டான்னு மேனேஜர் சாட்சி சொல்லியிருக்காராம்!"

அவள் கணவன் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்தான். அதே நிலையத்தில் கிணறுகளைக் கவனிக்கும் இன்ஜினியர்.

"அழாத. நான் வக்கீலைப் பார்க்கப் போறேன். நீ அவனுக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போ. காலையிலேர்ந்து பட்டினியா இருப்பான்."

"என்னங்க... தூக்கு கீக்குன்னு..."

"வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு? ஆக்சிடெண்டுன்னு சொல்லி வெளிய எடுத்துடலாம்!" எழுந்தவன் திரும்பிப் பார்த்தான். "காரம் போட்டுடாத. என்னை மாதிரியே அவனுக்கும் காரம் ஆகாது."

அந்த நேரத்திலும் தம்பியின் வயிற்றை நினைக்கிற மனுஷன்! அவளுக்குக் கண் மறுபடி நிறைந்தது.

லாக்கப் கம்பிக்கு அந்தப் பக்கம் தம்பி சுருண்டு கிடந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தான்.

"நான் ஏழாம் நம்பர்ல வேலை முடிச்சு வால்வை மூடிட்டுத்தான் வந்தேன்க்கா! ஃபேனும் ஓடிட்டு இருந்துச்சு! உன் மேல சத்தியமா!"

"அவர்கிட்ட சண்டை போட்டியா?"

தலையைக் குனிந்தான்.

"ஹெல்மெட் போடலன்னு எல்லார் முன்னாடியும் திட்டினாரு. நீ செத்தாத்தான் எங்களுக்கு நிம்மதின்னு கத்திட்டேன். வாய்தான்க்கா... வெறும் வாய்தான்!"

"நாக்குல சனி!" தலையில் அடித்துக்கொண்டாள். "வேற யாருக்குடா அவர் மேல கோபம்?"

"மேனேஜருக்குத்தான். ஏழாம் நம்பர் கிணத்துல உள்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் நடுவுல பிரஷர் ஏறிக் கெடந்துச்சு. ஏறவே கூடாதில்ல? உள்குழாய் எங்கயோ அரிச்சு ஓட்டை விழுந்தாத்தானே ஏறும்? கிணத்தை நாளைக்கே மூடணும்னு சிடுமூஞ்சி குதிச்சாரு. குளிர் காலத்துல மூடினா ஊருக்கு எவன் கேஸ் குடுப்பான்னு மேனேஜர் பதிலுக்குக் குதிச்சாரு. மறுபடி பிரஷரைப் பார்க்கத்தான்க்கா அவரு தனியா உள்ள போனதே..."

மேனேஜர்!

அவளுக்குள் நெருப்பு பற்றிக்கொண்டது.

நேராக இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் போனாள். அவர் ஒரு கையில் பிஸ்கட்டும் மறு கையில் செத்தவரின் கருவியுமாக உட்கார்ந்திருந்தார். அரசாங்கக் கருவி என்பதற்கு அடையாளமாக அதில் சிவப்புப் பட்டை.

"வாங்கம்மா. இந்தச் சனியனை ஆன் பண்ணா மைனஸ்னு காட்டுது. கேஸ் எப்படிம்மா மைனஸ்ல இருக்கும்? என் பையனோட கணக்கு மார்க் மாதிரி இருக்கு!"

அவள் அப்படியே நின்றாள்.

"மை... மைனஸா?"

பிடுங்கிப் பார்த்தாள். திறந்த ஜன்னல். நல்ல காற்று. பூஜ்ஜியம் காட்ட வேண்டிய இடத்தில்... மைனஸ்!

"சார்! இது கொலைதான்! ஆனா என் தம்பி செஞ்சதில்ல!"

இன்ஸ்பெக்டரின் பிஸ்கட் பாதி வழியில் நின்றது.

"புரியற மாதிரி சொல்லுங்க."

"தினமும் வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மெயின் கேட் பக்கத்துல, வெட்டவெளியில நின்னு இதோட பட்டனை அழுத்துவோம். மாமியாருக்குப் பூஜ்ஜியம் வெக்கிறதுன்னு சொல்லுவோம். இதான் சுத்தமான காத்து, இதுக்கு மேல இருந்தா கத்துன்னு அதுக்குச் சொல்லிக் குடுக்குறோம். அதே பட்டனை கேஸுக்கு நடுவுல நின்னு அழுத்தினா?"

"அழுத்தினா...?"

"கேஸையே சுத்தமான காத்துன்னு நம்பிடும்! அதே ரூமுக்குள்ள போனா பூஜ்ஜியம் காட்டும். கத்தாது. நல்ல காத்துக்கு வந்தா... இதோ, மைனஸ்!"

இன்ஸ்பெக்டர் மெதுவாக நிமிர்ந்தார்.

"உங்க தம்பியே அழுத்தியிருக்கலாமே?"

"இது ஆபீசர்ங்க ரூம்லதான் தொங்கும். தம்பி மாதிரி ஆளுங்களை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட விடமாட்டாங்க. மேனேஜர்தான் சார்! கிணத்தை மூட விடாம இருக்க அவருதான்..."

"சந்தேகத்தைக் கோர்ட்ல கூண்டுல ஏத்த முடியாதும்மா. கோர்ட்டுக்குச் சாட்சி வேணும்."

"அப்ப என் தம்பி?"

அவர் லாக்கப் பக்கம் கையைக் காட்டினார். அதுவே பதிலாக இருந்தது.

அவள் மேஜையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். தம்பியை விட்டால் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு யாருமில்லை. சட்டென்று நிமிர்ந்தாள்.

"சார்... இந்தக் கருவி பொய் சொல்லும்னு நமக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?"

"செஞ்சவனுக்கு."

"அது போதும் சார்! நாளைக்கு எல்லாரையும் வால்வு ரூமுக்குக் கூப்பிடுங்க."

திட்டத்தைச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் பிஸ்கட்டை மறந்துவிட்டுக் கேட்டார்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. உங்க வீட்டுக்காரர்கிட்டகூட!"

"அவரு எங்க பக்கம்தான் சார்..."

"இருக்கட்டும். பக்கத்துலயே இருக்கட்டும்."

மறுநாள்.

ஏழாம் நம்பர் வால்வு ரூமுக்கு முன்னால் கூட்டம். மேனேஜர் வாட்சைப் பார்த்து எரிந்து விழுந்துகொண்டிருந்தார். கணவன் அவளுக்கு ஆறுதலாகப் பக்கத்தில் நின்றான். ஜீப்புக்குள் விலங்கோடு தம்பி.

"ஒண்ணுமில்ல," என்றார் இன்ஸ்பெக்டர். "நேத்து எந்த வால்வு திறந்திருந்துச்சுன்னு அம்மா உள்ள போய் காட்டப் போறாங்க. எல்லாரும் பின்னாடியே வந்து பாருங்க."

அவள் சிவப்புப் பட்டை போட்ட கருவியை எடுத்து நெஞ்சில் மாட்டிக்கொண்டாள்.

கதவைத் தள்ளினாள்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

உள்ளே இருட்டில் ஏதோ சீறிக்கொண்டிருந்தது! கூட்டம் இரண்டு அடி பின்வாங்கியது.

அவள் வாசலில் நின்று கையை உள்ளே நீட்டிக் கருவியைக் காட்டினாள். எண்ணைப் பார்த்தாள்.

"பூஜ்ஜியம்!" என்றாள் சத்தமாக. "பயப்படாதீங்க. மாமியார் கத்தல. ஏதோ காத்துக் குழாய் சத்தம்தான்."

உள்ளே காலை வைத்தாள்.

அவள் கண் மேனேஜர் மேலேயே இருந்தது. நில்லுடா... வாசலிலேயே நில்லு! பயந்து நில்லு!

மேனேஜர் நிற்கவில்லை!

"பூஜ்ஜியம்னா அப்புறம் என்ன? சீக்கிரம் முடிங்கம்மா, எனக்கு வேலை இருக்கு!" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் பின்னால் நுழைந்துவிட்டார்.



அவர் இல்லை! கருவி பொய் சொல்லும் என்று இவருக்குத் தெரியவே தெரியாது! அப்படியானால்... தம்பிதானா? ஐயோ, தம்பியேதானா?

சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய்...! போகாத!"

வெளியிலிருந்து ஓர் அலறல்.

"வெளிய வா! அதுல பூஜ்ஜியம்னா ரூம் பூரா கேஸுன்னு அர்த்தம்டி! செத்துப்போயிடுவ! வா வெளிய!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து, அவளை இடுப்போடு வாரித் தூக்கி, வாசலுக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டான்...

அவள் கணவன்!

அவளை மடியில் கிடத்தி அவள் கன்னத்தைத் தட்டினான். "மூச்சு விடு... மூச்சு விடும்மா..."

அவள் மூச்சு விட மறந்து அவனையே பார்த்தாள்.

சீறல் நின்றது. உள்ளேயிருந்து ஒரு கான்ஸ்டபிள் காற்று சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். வெறும் காற்று. சைக்கிள் டியூபில் அடைக்கிற அதே காற்று!

"கேஸே இல்ல சார்," என்றார் இன்ஸ்பெக்டர், அவன் தோளில் கை வைத்து. "இது வேற கருவி. பட்டையை மட்டும்தான் மாத்தி ஒட்டினோம். செத்தவரோட கருவி பொய் சொல்லும்னு எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். மாமியார் கத்தவே இல்ல... மாப்பிள்ளை எதுக்கு சார் கத்தினீங்க?"

அவன் கை அவள் கன்னத்திலிருந்து நழுவியது.

"என்னங்க..." அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். "இல்லன்னு சொல்லுங்க... ஒரே ஒரு தடவை இல்லன்னு சொல்லிடுங்க!"

"அந்தக் கிணத்துக்குள்ள சோதனைக் கருவியை இறக்கிப் பார்க்காமலே குழாய் நல்லாயிருக்குன்னு சொல்லிட்டேன்." தரையைப் பார்த்தே பேசினான். "வருஷா வருஷம் அப்படித்தான் சொன்னேன். மூடிக் குழாயை வெளிய எடுத்தா ஓட்டை தெரிஞ்சுடும். என்னைத்தான் முதல்ல உள்ள தள்ளுவாங்க... அதான் அவரு கருவியைக் கேஸ்ல வெச்சு பட்டனை அழுத்திட்டு, ஃபேனை நிறுத்தி வால்வைத் திறந்துட்டேன்."

"அதுக்கு என் தம்பியையா?"

"விபத்துன்னு முடிச்சுடுவாங்கன்னுதான் நெனச்சேன்! அவன் போய் சண்டை போட்டு வெச்சிருப்பான்னு எனக்கென்ன தெரியும்? அவனை எப்படியும் வெளிய எடுத்திருப்பேன்டி!"

அழுகை வந்தது அவளுக்கு. அதைவிட வேகமாக ஆத்திரம் வந்தது. இவன் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் தப்பித்திருப்பான். அவள் செத்துவிடுவாளே என்றுதான் கத்தினான். நினைக்க நினைக்க நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

எழுந்தாள். புடவையைத் தட்டி விட்டுக்கொண்டாள். கான்ஸ்டபிள் பக்கத்தில் நின்ற ஆபரேட்டரின் வாக்கி டாக்கியைப் பிடுங்கினாள்.

"கண்ட்ரோல் ரூம்! ஏழாம் நம்பர் கிணத்தை மூடுங்க. இப்பவே!"

"ஏம்மா!" மேனேஜர் பாய்ந்து வந்தார். "யாரைக் கேட்டு மூடச் சொல்றே?"

"செத்தவரைக் கேட்டு."

தூரத்தில் வால்வு ஒன்று கனமாகத் திரும்பி அடங்கும் சத்தம் கேட்டது.

ஜீப்பின் பின்கதவு திறந்தது. தம்பியின் கையிலிருந்து விலங்கு கழன்றது. அதே விலங்கு அத்தானின் கைக்குப் போனது. தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காவை வந்து கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.

"வர்றேம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

ஜீப் உறுமியது.

"சார்... ஒரு நிமிஷம்!"

அவள் ஓடினாள். காலையில் தம்பிக்காகக் கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டு கேரியரை ஜன்னல் வழியாக அவரிடம் நீட்டினாள். முந்தானையால் கண்ணை அழுந்தத் துடைத்தாள்.

"இதை லாக்கப்புலயே குடுத்துடுங்க சார். உள்ள இருக்கிற ஆளுதான் மாறியிருக்கு... காரம் ஆகாத வயிறு மாறல!"