கூழ் அடுப்பில் ஒரு செத்த மரம்

"அடுப்பை அணையுங்கோ!"

ரொறன்ரோப் பூங்கா ஒன்றில் நடந்த பழைய மாணவர் சங்கத்து ஒன்றுகூடல் அப்படியே அடங்கிப் போனது. பூங்கா ஓரத்துக் காட்டுக்குள்ளிருந்து ஒருத்தி ஓடி வந்தாள். முழங்கால்வரை சேறு... தலைமயிரில் காய்ந்த இலை... கண்களில் மட்டும் அப்படியொரு கோபம். கூழ் துழாவிக்கொண்டிருந்த அகஸ்ரின் அந்தக் கண்களைப் பார்த்ததும் துழாவுவதை மறந்தான். கோபத்தில்கூடக் கண்கள் இத்தனை அழகாக விரியுமா...?

அவள் யாரையும் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த தண்ணீர் வாளியைத் தூக்கினாள். சளார்...! அடுப்பு அணைந்தது. பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற்கூழ் அரைவேக்காட்டில் நின்றது.

"பிள்ளை, உமக்கென்ன விசரே?" என்று கத்தினார் சங்கத் தலைவர் இராஜரட்ணம்.

"விசர்தான் அங்கிள். இந்தக் கட்டையைக் கொண்டந்தது ஆர்?"

"நான்தான்," என்றான் அகஸ்ரின். "விறகு முடிஞ்சு போச்சு. இது காட்டுக்குள்ள சும்மா கிடந்தது..."

"சும்மா கிடந்ததோ? வலை சுத்தியிருந்ததே!"

"அது... கட்டிலுக்குக் கட்டுற நுளம்பு வலையை ஆரோ எறிஞ்சிட்டினம் எண்டு நினைச்சன்."

ஒரு கணம் அவள் உதடு துடித்தது. சிரிப்பா, அழுகையா...? அழுகைதான். பாதி கரிந்த கட்டைக்கு முன்னால் குந்தியிருந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள் வேரோனிக்கா.

அவளுக்கு வேறு என்ன இருந்தது? யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்குப் படிக்கப் போனாள். அங்கே பீச் மரக் காடுகளில் விழுந்து கிடக்கும் மரங்களோடு ஆறேழு வருடம். பிறகு அதே வேலைக்கு ரொறன்ரோ. செத்த மரத்திலிருந்து என்னென்ன பூச்சிகள் வெளிவருகின்றன என்று வலை கட்டிப் பிடித்துப் பார்ப்பதுதான் வேலை. நகரத்தின் கிழக்கே மில்லிக்கனில் ஒரு பேஸ்மென்ற் அறை. அவளுடைய கைபேசி அடித்தால் பெரும்பாலும் விளம்பரக்காரர்கள்தான். ஜேர்மனியில் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒக்ரோபர் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். போனாலும் தனி, இருந்தாலும் தனி... எதைச் சொன்னால் என்ன?

அடுத்த சனிக்கிழமை காட்டில் மழை தூறிக்கொண்டிருந்தது. எரியாத பாதிக் கட்டையைப் போர்வையில் சுற்றி, தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றான் அகஸ்ரின்.

"இதிலை ஏதும் உயிர் மிஞ்சியிருக்குமோ?"

"போர்வை ஏன்?"

"குளிரும் எண்டு..."

அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். சிரித்ததை அவன் பார்த்துவிடக் கூடாதாம்!

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தான். வீடுகளைச் சூடாக்கும் ஃபேர்னஸ் பூட்டுகிற வேலை அவனுக்கு. மேற்கே ரெக்ஸ்டேலில் இருக்கும் வீட்டிலிருந்து நகரத்தையே குறுக்கே கடந்து வர வேண்டும். அவள் வலை கட்டுவாள், அவன் ஏணியைப் பிடிப்பான்.

"காட்டில இருக்கிற உயிர்களில நாலில ஒரு பங்கு செத்த மரத்தை நம்பித்தான் இருக்குது," என்றாள் ஒருநாள். "நிண்டபடி செத்தது வேணும், விழுந்ததும் வேணும். பெரிசு, சின்னன், எல்லாம் வேணும். ஐரோப்பாவில காட்டை வீட்டு முற்றம் கூட்டுற மாதிரிக் கூட்டித் துடைச்சவை. மரங்கொத்தியும் வண்டும் குறைஞ்ச பிறகுதான் விழுந்த மரத்தை விட்டுவைக்கத் துவங்கினவை."

"அப்ப நான் ஒரு ஊரையே அடுப்பில வைச்சிருக்கிறன்."

"ஓம். அதுவும் கூழுக்கு!"

"வீட்டை ஆர் இருக்கினம்?" என்று இன்னொரு நாள் கேட்டாள், பெரிய அக்கறை இல்லாதவள் போல.

"ஃபிரிட்ஜ் இருக்குது. இரவில அதுதான் கொஞ்சம் கதைக்கும்."

சிரித்தாள். பிறகு இருவருமே சிரிக்கவில்லை.

செப்ரெம்பரில் ஒரு ஞாயிறு, மாதா கோயில் வாசலில் இராஜரட்ணம் அவளைப் பிடித்துக்கொண்டார். "என்ன பிள்ளை, அகஸ்ரின் இன்னும் ஒறுத்தல் முடிக்கேல்லையோ? செய்த பாவத்துக்குப் பரிகாரமாப் பெடியன் நல்லாத்தான் அலையிறான்!"

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். அவளுக்கோ நெஞ்சில் சுருக்கென்றது. ஓ... பாவத்துக்கா? என்மேல் இரக்கப்பட்டா வருகிறான்?

அந்த வாரச் சனிக்கிழமை அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "உங்கட ஒறுத்தல் முடிஞ்சுது. இனி வரவேண்டாம்."

அவன் ஏணியை மரத்தில் பத்திரமாகச் சாய்த்துவிட்டுப் போனான். அவனுக்கும் ரோஷம் இருக்காதா?

அடுத்த சனிக்கிழமை ஏணியைப் பிடிக்க ஆள் இல்லை. ஒரு மரத்தின் பிளவில் சிவப்புத் தலை வண்டு ஒன்று வெளியே வந்தது. இரண்டு வருடமாக அவள் தேடிய வண்டு! "இஞ்ச பாருங்கோ!" என்று திரும்பினாள். பின்னால் யாரும் இல்லை... இலைகள்தான் உதிர்ந்துகொண்டிருந்தன. வேரோனிக்கா ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடமும் தனியாகவே பார்த்துப் பழகிய காட்டில், முதல்முறையாகப் பயமாக இருந்தது.

அன்று மாலையே இராஜரட்ணத்திடம் விலாசம் கேட்டு, பஸ் மாறி மாறி அவள் ரெக்ஸ்டேல் போய்ச் சேர்ந்தபோது மழை கொட்டியது. கதவைத் திறந்த அகஸ்ரின் திகைத்துப் போனான்.

"வேரோனிக்கா...? ஐயோ, நனைஞ்சு போனியள். உள்ள வாங்கோ!"

"முதல்ல நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்கோ. ஒறுத்தலுக்கோ வந்தனீங்கள்?"

அவன் அவள் கண்களைப் பார்த்தான். அன்றைக்கு அடுப்படியில் பார்த்த அதே கண்கள்... இன்று கோபம் இல்லை, பயம்தான்.

"முதல் சனிக்கிழமை ஒறுத்தலுக்கு வந்தனான்," என்றான் மெல்ல. "மற்றச் சனிக்கிழமையெல்லாம் உங்களைப் பாக்க வந்தனான். அதைச் சொல்ல ஏலாமத்தான் ஏணியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

அவள் படியேறி உள்ளே வந்தாள்.

"எனக்குத் தனியா இருந்து பழக்கம் எண்டு எல்லாருக்கும் சொல்லுறனான், அகஸ்ரின்... பொய். எனக்கு அது ஒருநாளும் பழகேல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஜேர்மனிக்கு வரேல்ல எண்டு எழுதட்டோ?"

"எழுதுங்கோ," என்றான் அவன். "இப்பவே, இஞ்சயிருந்தே எழுதுங்கோ."