தொட்டித் தண்ணீர் போன வழி

காலை எட்டு மணி. புது ஐந்து மாடிக் குடியிருப்பின் மழைநீர்த் தொட்டி காலியாகக் கிடந்தது. மூடியின் பூட்டு உடைந்திருந்தது. பில்டர் போலீசைக் கூப்பிட்டார்.

மழைநீரைச் சேமிக்கும் புதுக் கட்டடத்துக்கு ஒரு மாடி கூடுதலாகக் கட்ட நகராட்சி சலுகை தருகிறது. அந்தச் சலுகையை நம்பித்தான் ஐந்தாவது மாடியே எழும்பியிருந்தது. அன்று பத்து மணிக்கு நகராட்சிப் பொறியாளர் வரைபடத்தோடு கடைசிச் சோதனைக்கு வருகிறார்.

பக்கத்தில் சலவைக்கடை வைத்திருக்கும் பெண்ணைப் பில்டர் கை காட்டினார். துணி காயும் வெயிலை மறைக்கிறது என்று அந்த மாடிக்கு எதிராக ஏற்கெனவே மனு போட்டவள் அவள். இப்போது மதிலோரம் அவளுடைய ஹோஸ் வேறு கிடந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் அம்மாள் அதிகம் பேசுகிறவரில்லை. முதலில் பில்டரைக் கேட்டார். பூச்சு வேலை முடிந்ததும் தொட்டியைப் பூட்டியதாகவும், பிறகு மழையில் நிரம்பியதாகவும், அதன்பின் யாரும் உள்ளே இறங்கவில்லை என்றும் அவர் சொன்னார். போன வாரம் பொறியாளரே மூடியைத் திறந்து தளும்பத் தளும்பப் பார்த்தாராம். அப்புறம்தான் இவள் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்திருக்க வேண்டுமாம்.

"மன்னிப்பு எழுதிக் கொடுத்து மனுவையும் வாபஸ் வாங்கட்டும் மேடம். கேஸ் வேணாம்."

சலவைக்கடைக்காரி இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுக்கக்கூட இல்லை.

"எடுக்காத தண்ணிக்கு எதுக்கு மன்னிப்பு? கேஸ் போடுங்க மேடம். மனுவை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்."

சப்-இன்ஸ்பெக்டர் ஏணி வைத்துத் தொட்டிக்குள் இறங்கினார். மூலையில் ஒரு கிழிந்த சிமெண்டு மூட்டை. காலால் தட்டியதும் தூள் பறந்து பூட்ஸை வெளுப்பாக்கியது. மேலே வந்து சுவரைப் பார்த்தார். தொட்டிக்கு நேரே 'மழைநீர்' என்ற பலகை, திருகாணிகள் பளபளத்தன. மாடிப்படி அருகே குழாய்த் தண்ணீர்த் தொட்டியின் மூடி. அதற்கு மேலே சுவரில் நான்கு துளைகள்.

பொறியாளர் வந்ததும், போன வாரம் எந்த மூடியைத் திறந்தார் என்று சப்-இன்ஸ்பெக்டர் அவரிடம் கேட்டார்.

"பலகை இருந்த இடத்துலதான்." சுற்றிப் பார்த்தவர் தயங்கினார். "ஆனா அது மாடிப்படி பக்கம்னு ஞாபகம்."

பில்டர் சிரிக்க முயன்றார். சிரிப்பு வரவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் பில்டரிடம் திரும்பினார். "பலகையை மாத்தி மாட்டி, குழாய்த் தண்ணியை மழைத்தண்ணின்னு காட்டிட்டீங்க. எது மழைத்தொட்டின்னு வரைபடத்துல இருக்கு, அதனால இன்னிக்கு அது செல்லாதுன்னு பலகையைத் திருப்பி மாட்டிட்டீங்க. லாரியில ரொப்பினா இவங்க கண்ணுல படும். அதனால பூட்டை உடைச்சு, இவங்களையே திருடி ஆக்கிட்டீங்க."

"ஆதாரம்?"

"உள்ளே கிடக்கிற சிமெண்டு. தண்ணியில கிடந்திருந்தா இந்நேரம் கல்லாகியிருக்கும். இன்னும் தூளாவே இருக்கு. பூச்சு வேலைக்கப்புறம் யாரும் இறங்கலைன்னு நீங்கதான் சொன்னீங்க. இந்தத் தொட்டி ஒரு சொட்டுத் தண்ணியும் பார்த்ததில்லை."

பொறியாளர் மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தார். மழைக்குழாய் தொட்டிக்கு வரவே இல்லை. நேராகச் சாக்கடைக்குப் போயிற்று. சலுகை ரத்து, ஐந்தாவது மாடியை இடிக்க நோட்டீஸ் வரும் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

பில்டரின் குரல் இறங்கியது. "மன்னிச்சிடும்மா. அக்கம்பக்கம்தானே, பேசித் தீர்த்துக்கலாம்."

அவள் அவரைப் பார்க்கவில்லை.

"பொய்ப் புகார்னு எழுதிக்குங்க மேடம். கொஞ்சம் சீக்கிரம். ஊறப்போட்ட துணி அப்படியே கிடக்கு."