பதினேழாம் நம்பர் சிலுப்பவில்லை!

டெலிபோன் அலறியபோது இன்ஸ்பெக்டர் ஞானதுரை ஒரு கொலையை விபத்தாக்கிக்கொண்டிருந்தார்.

'கால் தவறிக் கிணற்றில் விழுந்து...' என்பது வரை எழுதியாயிற்று. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

ஏட்டு தங்கப்பாண்டியன் ரிசீவரை எடுத்து நீட்டினார்.

"ஹலோ... யாரு?"

"சார்! கடத்தல் சார்! பதினேழைக் காணோம்!"

பெண் குரல். அழுகை வேறு.

ஞானதுரை நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"பதினேழு பேரையா?!"

"ஒண்ணுதான் சார்... அதோட பேரே பதினேழு."

"ஆளு ஆம்பளையா, பொம்பளையா?"

"கிடா சார்!"

உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா... ஆட்டைக் காணோம்னா கறிக்கடையில போய்த் தேடு. எனக்கு இங்க ஆயிரம் சோலி கிடக்கு."

"இது ஆராய்ச்சி ஆடு சார்! நான் டாக்டர் அனுசியா. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் எங்க ஆராய்ச்சிக் கொட்டகை. ஆட்டுக் காதுல சிப்பு மாட்டியிருக்கு. என் செல்லுல காட்டுது. சேத்தூருக்கு மேற்கே, ஒரு மாந்தோப்புல நிக்குது. பக்கத்துல கோயில் இருக்கு!"

ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஏட்டு குனிந்தார்.

"சார்... அது ஆண்டிச்சாமி தோப்பு. இன்னைக்கு அங்க பங்காளிகளெல்லாம் சேர்ந்து கிடா வெட்டு."

ஞானதுரை மேஜை மேல் கிடந்த பேப்பரைப் பார்த்தார்.

கால் தவறி விழுந்தவன் பெயர்... ஆண்டிச்சாமி!

*

ஆண்டிச்சாமி செத்து ஒரு வருஷம் ஆகிறது.

தன் தோப்புக் கிணற்றிலேயே மிதந்தார். மண்டையில் அடி. விழும்போது கல்லில் பட்டிருக்கும் என்று எழுதினார்கள். பட்டிருக்கும், விழுந்திருக்கும், இருந்திருக்கும்... சர்க்கார் காகிதத்தில் எல்லாமே 'இருக்கும்'தான்!

அவர் பெண்டாட்டி நாச்சியார் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. வாரம் தவறாமல் ஸ்டேஷன் படி ஏறினாள். கேட்டது ஒரே கேள்வி.

"அவிய செல்லு எங்க சார்? கிணத்தை இறைச்சுப் பார்த்தீய. இல்ல. தோப்புல இல்ல. வீட்டுல இல்ல. கால் தவறி விழுந்தவரு செல்லை யாருகிட்ட குடுத்துட்டு விழுந்தாரு?"

இன்று ஃபைலை மூடச் சொல்லி மேலே இருந்து உத்தரவு. மூடிவிட்டால் நாச்சியார் கேட்பதற்கு வாசல் கூடக் கிடையாது.

*

ராஜபாளையத்தில் ஜீப்பில் ஏறிக்கொண்டாள் அனுசியா. முப்பது வயது. கண்ணாடி. கண்ணாடிக்குள் கண்ணீர்.

ஏட்டு ஜீப்பை ஓட்ட, ஞானதுரை திரும்பினார்.

"ஆட்டை வச்சு அப்படி என்னம்மா ஆராய்ச்சி?"

"தண்ணி பட்டா ஆடு ஏன் உடம்பைச் சிலுப்புதுன்னு..."

"ஈரம் பட்டா சிலுப்பத்தான் செய்யும். இதுக்கு ஒரு டாக்டரா?"

"எப்படிச் சிலுப்புதுன்னு தெரியணும்ல சார்? கழுத்துத் தோல்ல பொடிப்பொடியா நரம்பு இருக்கு. அதுதான் மூளைக்குச் சேதி சொல்லுது. அதை ஊசி போட்டு மரத்துப் போக வைக்கிறோம். பொறவு தண்ணி ஊத்தி, எத்தனை தடவை சிலுப்புதுன்னு எண்ணுறோம்."

"எண்ணி?"

"நோட்டுல எழுதுறோம்."

"எழுதி?"

"மூணு வருஷமா எழுதுறோம் சார்!"

ஏட்டு சிரிப்பை அடக்கியதில் ஜீப் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"நேத்துதான் பதினேழுக்கு ஊசி போட்டேன். பாதி ஆட்டுக்கு மருந்து... பாதிக்கு வெறும் உப்புத் தண்ணி. எதுக்கு எதுன்னு எனக்கே தெரியாது. என்கூட வேலை பார்க்கிற ஷீனாகிட்ட சீல் வச்ச கவர்ல இருக்கு."

"போடுற உனக்கே தெரியாதா?"

"தெரிஞ்சா, நம்ம கண்ணு நமக்கு வேண்டியதைத்தான் சார் பார்க்கும்."

"நல்ல டாக்டரு! நாங்க கூட யாரை அடிக்கோம்னு தெரிஞ்சுதாம்மா அடிக்கோம்."

"சீக்கிரம் போகச் சொல்லுங்க சார்! வெட்டிட்டா எல்லாம் போச்சு!"

*

வெட்டவில்லை.

வெட்ட முடியவில்லை!

கோயில் முன்னால் நாற்பது பேர் கூட்டம். நடுவே கறுப்புக் கிடா. கழுத்து மாலையைத் தானே தின்றுகொண்டிருந்தது. கயிற்றைப் பிடித்தபடி நாச்சியார். எதிரே பூசாரி கருத்தையா... கையில் செம்பு. செம்பில் மஞ்சள் தண்ணீர்.

தண்ணீரைத் தெளித்ததும் கிடா உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். வெட்டலாம், தின்னலாம். சிலுப்பாவிட்டால்... கூட்டத்தில் எவனோ குற்றவாளி! அவன் வாயைத் திறக்கும்வரை அரிவாள் இறங்காது, அடுப்பும் எரியாது.

ஐந்து செம்பு ஆகிவிட்டது.

கிடா கல்லு மாதிரி நின்றது!

ஜீப்பிலிருந்து குதிக்கப்போன அனுசியாவின் பையைப் பிடித்து இழுத்தார் ஞானதுரை.

"செத்த நேரம் ஜீப்புலயே இரும்மா."

"சார், ஊசி வேலை செய்யுது சார்! அதான் சிலுப்பலை! நான் போய்ச் சொல்லிடுறேன்..."

"மூச்! அங்க என்ன நடக்குன்னு கேளு."

பூசாரி காலிச் செம்பைத் தூக்கிக் காட்டினார்.

"சாமி உத்தரவு குடுக்க மாட்டேங்கு! எவனோ குத்தம் பண்ணியிருக்கான். ஒத்துக்கிடுங்கப்பா!"



ஒரு பெண் தொப்பென்று மண்ணில் விழுந்தாள். செத்துப்போன ஆண்டிச்சாமியின் தம்பி பெண்டாட்டி மாரிக்கனி.

"நான்தான் சாமி! போன கோயில் கொடைக்குக் காணாமப்போன வெங்கலப் பானை... என் வீட்டுப் பரண்லதான் இருக்கு!"

"ஏட்டி! நீதானே ஊர் பூரா என்னைத் திருடின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச?" கூட்டத்தில் ஒருத்தி பாய்ந்தாள்.

ஆறாவது செம்பு.

கிடா மாலையில் இருந்த செவ்வந்தியை நிதானமாக மென்றது.

முறுக்கு மீசை மிலிட்டரி மாரிச்சாமி முன்னால் வந்தார். சல்யூட் அடித்தார்... கிடாவுக்கு!

"சாமி, நான் பார்டர்ல எவனையும் சுடலை. பதினேழு வருசமும் சப்பாத்திதான் சுட்டேன்!"

"அப்போ கால்ல குண்டு பாஞ்ச தழும்பு?"

"சப்பாத்திக் கல்லு விழுந்துச்சு."

அவருடைய மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஏழாவது செம்பு.

ம்ஹூம்!

ஜீப்புக்குள் ஞானதுரை சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"ஒரு வருசம் விசாரிச்சேன்மா. ஒருத்தன் வாயைத் திறக்கலை. உன் ஆடு அரைமணி நேரத்துல எம்புட்டுப் பேரைத் தொறக்குது பாத்தியா!"

செம்பு பூசாரியின் கையிலிருந்து நழுவியது.

"நானும் சொல்லிருதேன்... பன்னெண்டு வருசமா எனக்கு அருளே வரலை. சும்மாதான் ஆடுதேன்!"

"ஏலே கருத்தையா! உன் வாக்கைக் கேட்டுத்தானேலே என் மவளை அருப்புக்கோட்டையில குடுத்தேன்? அவன் குடிச்சுட்டுக் கிடக்கான்லே!"

அடிக்கப் பாய்ந்தவரை நாலு பேர் பிடித்தார்கள். யாரோ செம்பை விட்டுவிட்டுக் குடத்தையே தூக்கிக் கவிழ்த்தார்கள்.

கிடா தொப்பலாக நனைந்தது. கண்ணைக்கூட இமைக்கவில்லை.

எல்லாத் தலைகளும் ஒரு பக்கமாகத் திரும்பின.

வெள்ளைச் சட்டை. விரலுக்கு ஒரு மோதிரம். ஆண்டிச்சாமியின் தம்பி வல்லரசு!

"என்னை ஏன் பார்க்கீய?"

"முன்வரிசையில நீ ஒருத்தன்தாம்ப்பா இன்னும் வாயைத் திறக்கலை," என்றார் மிலிட்டரி.

"நான் ஒண்ணும் பண்ணலை. ஊத்துங்க! இன்னொரு குடம் ஊத்துங்க!"

ஊற்றினார்கள்.

கிடா மெதுவாகத் தலையைத் திருப்பியது. வல்லரசுவைப் பார்த்தது.

"ம்ம்மே..."

"பார்க்காதலே! என்னைப் பார்க்காத!"

மென்றுகொண்டே பார்த்தது.

வல்லரசு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு கிடாவின் காலில் விழுந்தான்.

"பிளெக்ஸு... கொடை பிளெக்ஸுல அவன் போட்டோ ஆள் உசரம்! என் போட்டோ தபால்தலை அளவு! ஏண்ணேன்னு கேட்டேன். 'உன் மூஞ்சிக்கு அம்புட்டுப் போதும்லே'ன்னான். மம்பட்டிக் கணைக் கம்பால ஒண்ணு போட்டேன்... கிணத்துல விழுந்துட்டான். நான்தான் சாமி! என் அண்ணனை நான்தான் கொன்னேன்!"



ஞானதுரை ஜீப்பிலிருந்து பாய்ந்தார். சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்.

"செல்லு எங்கல?"

"அடிச்சப்போ கீழ விழுந்துச்சு... பக்கத்துல, என் மாங்கா குடோன்ல வைக்கோலுக்கு அடியில புதைச்சு..."

ஏட்டு ஓடினார். இரண்டு பேர் பின்னாலேயே ஓடினார்கள். ஐந்து நிமிஷம். மாங்காய் வாசனையோடு திரும்பி வந்தார். கையில் கறுப்பு செல்போன்!

நாச்சியார் அதை வாங்கவில்லை. பார்த்தாள். பின்பக்கம் அவளும் ஆண்டிச்சாமியும் சேர்ந்து எடுத்த சின்னப் போட்டோ ஒட்டியிருந்தது.

"இதுதான் சார்," என்றாள்.

விலங்கு கிளிக் என்றது. ஏட்டு வல்லரசுவை ஜீப்பின் பின் சீட்டில் ஏற்றினார்.

*

"பதினேழு! என் தங்கம்!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்த அனுசியா, கயிற்றைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"நாச்சியார் அக்கா... நீங்களா?"

ஞானதுரை புருவத்தை உயர்த்தினார். "இந்தம்மாவை உனக்குத் தெரியுமா?"

"எங்க கொட்டகையில ஆட்டுக்குத் தீனி வைக்கிறவங்க சார்! ஆறு மாசமா!"

நாச்சியார் தலையை நிமிர்த்தினாள்.

"நான்தான் பிடிச்சுட்டு வந்தேன். ஊசி போட்டா ஆடு சிலுப்பாதுன்னு வாரவங்க போறவங்ககிட்டயெல்லாம் இவுகதானே சொல்லிக்கிட்டு இருந்தாக? சிலுப்பாத ஆடு ஒண்ணு எனக்குத் தேவைப்பட்டுச்சு. போலீஸு கேட்டு வாயைத் திறக்காதவன், சாமி கேட்டாத் திறப்பான். வேணும்னா என் மேல கேசு போட்டுக்கிடுங்க."

இரண்டு கைகளையும் நீட்டினாள்.

ஞானதுரை நோட்டைப் பிரித்தார்.

அனுசியா நடுவே பாய்ந்தாள்!

"கேசா? அக்கா, நீங்க என் தெய்வம்! ஏழு செம்பு, ரெண்டு குடம்... ஒரு சிலுப்பு கூட இல்லை! மருந்து ஜெயிச்சுருச்சு! இருங்க, கவரைப் பிரிக்கச் சொல்லுறேன்."

செல்லை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஷீனா! பதினேழுக்கு என்ன மருந்துன்னு பாரு!"

"இருடி... கவரைக் கிழிக்கேன்..." சரசரவென்று சத்தம். "பதினேழுதானே? உப்புத் தண்ணி."

"என்னது?!"

"வெறும் உப்புத் தண்ணிடி. மருந்து போனது பக்கத்துக் கிடா பதினாறுக்கு."

செல் கையிலேயே இருந்தது. ஆள்தான் இல்லாத மாதிரி நின்றாள் அனுசியா.

"அப்படின்னா..." ஞானதுரை கிடாவை மேலும் கீழும் பார்த்தார். "இது இம்புட்டு நேரம் சிலுப்பாம நிக்கதுக்கு என்னம்மா காரணம்?"

"காரணம்... ஒண்ணும் இல்ல சார்."

நாச்சியார் கையிலிருந்து கயிறு நழுவியது. இத்தனை நேரம் அந்தக் கூட்டத்தில் பயப்படாத ஒரே ஆள் அவள்தான். இப்போது அவளுக்கும் வியர்த்தது!

பூசாரி கருத்தையா கிடாவைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார்.

"கொலைகாரன் ஒத்துக்கிட்டான். விலங்கும் மாட்டியாச்சு. இன்னமும் சிலுப்பலைன்னா... குத்தம் இன்னும் பாக்கி இருக்குப்பா!"

நாற்பது தலைகளும் திரும்பின.

இன்ஸ்பெக்டர் பக்கமாக!

"யோவ், என்னை ஏன்யா பார்க்கீய? நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவன்!"

நாச்சியார் குனிந்து செம்பை எடுத்து, குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை மொண்டாள். மெதுவாக.

"சொல்லிருங்க சார். இல்லேன்னா ஊத்திருவேன்."

"ஏய்... ஊத்தாத!"

செம்பு சாய்ந்தது.

"காலையிலதான்... கால் தவறி விழுந்தான்னு எழுதினேன்! கையெழுத்துதான் பாக்கி! இந்தா!"

கிளம்பும்போது சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த பேப்பரை எடுத்து, எல்லாரும் பார்க்க எட்டாகக் கிழித்தார். நாச்சியார் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். போலீஸ்காரன் கிழித்தாலும் ஒட்டிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்!

"நான் வாரேன் சார்," என்றாள். "வாக்குமூலம் எழுதணும்ல? இந்தத் தடவை என் முன்னாலயே எழுதுங்க."

போய் ஜீப்பில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னும் சிலுப்பலையே..." பூசாரி முனகினார்.

அவ்வளவுதான்!

அனுசியா ஓடினாள். ஞானதுரை திரும்பிப் பார்ப்பதற்குள் ஜீப்பின் பின் சீட்டில், வல்லரசுவுக்குப் பக்கத்தில் இருந்தாள்!

"ஆட்டைப் பிடிக்க வந்தவ நீ ஏம்மா ஓடுத?"

"மூணு வருஷ நோட்டுல ரெண்டு வருஷத்தை எண்ணாமலே எழுதிட்டேன் சார்! வண்டியை எடுக்கச் சொல்லுங்க!"

ஏட்டு ஏற்கெனவே ஸ்டார்ட் செய்துவிட்டார். அவருக்கு என்ன அவசரமோ... யார் கண்டது?

ஞானதுரை தொற்றிக்கொள்ள, ஜீப் பறந்தது. பின்னாலேயே மோட்டார் சைக்கிள்கள். மிலிட்டரி மாரிச்சாமி குண்டு பாயாத காலோடு முதல் ஆளாக ஓடினார். பூசாரி அரிவாளைப் போட்டுவிட்டு வேலியைத் தாண்டினார். களைந்து வைத்த அரிசியைக்கூட யாரும் எடுக்கவில்லை.

கிடா சுற்றும்முற்றும் பார்த்தது.

தோப்பில் ஒரு ஈ, காக்கை இல்லை.

கொம்பிலிருந்து வால்வரைக்கும் ஒரே சிலுப்பு! மஞ்சள் தண்ணீர் நாலு பக்கமும் தெறித்தது!

சாமி உத்தரவு கொடுத்துவிட்டது...

வெட்டத்தான் ஆள் இல்லை!