சாட்சி சொன்ன மரம்

ஓரிகன் மலையில் மரம் வெட்டும் ஹால்வருக்குக் கோபம் வந்தால் காது இரண்டும் சிவந்துவிடும். அன்று காலை அவை தக்காளிப் பழம்போல இருந்தன.

பின்னே? ஹால்வர் ஒரு மரம் வெட்டினால் இரண்டு கன்று நடுபவர். ஆனால் பக்கத்து நிலத்துக்காரர் கிரேடி தன் காட்டை மொட்டையடித்து முடித்துவிட்டு, எல்லைக் கம்பத்தைப் பிடுங்கி ஹால்வரின் காட்டுக்குள் நூறு அடி தள்ளி நட்டிருந்தார். அவருடைய ஆட்கள் ரம்பங்களோடு காத்திருந்தார்கள்.

"கம்பம் இங்கதானே இருக்கு? இதுவரைக்கும் என் காடு!" என்றார் கிரேடி, சுருட்டைக் கடித்தபடி.

ஹால்வர் கோடாலியை ஓங்கினார். பத்து வயது மகள் சிக்னே அவர் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"வேணாம்ப்பா! நீங்க ஜெயிலுக்குப் போயிட்டா எனக்கு யாரு பின்னல் போடுவா?"

கிரேடியின் ஆட்களே சிரித்துவிட்டார்கள். மலைபோன்ற இந்த மனிதரா பின்னல் போடுகிறார்?

"நல்லாவே போடுவேன்" என்று முறைத்தார் ஹால்வர். ஆனால் கோடாலி இறங்கிவிட்டது.

தகராறைத் தீர்க்க வந்திருந்த நில அளவை அதிகாரி பெல் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. புது பூட்ஸ் காலைக் கடிக்க, நொண்டிக்கொண்டே பதிவேட்டைப் புரட்டினார்.

"எல்லைக்கு அடையாளமா ஓடையோர மரத்துல பட்டையைச் சீவி, பதினாறுன்னு செதுக்கினாங்களாம். முப்பது வருஷம் ஆச்சு. கம்பம் அதுக்கு நாலடி தள்ளி இருக்கணும்."

"இந்த மரம்தான்" என்று காட்டினார் ஹால்வர். சுற்றிலும் வெறும் பட்டை. எண்ணைக் காணோம்.

"எங்கய்யா உன் பதினாறு? அணில் தின்னுடுச்சா?" என்றார் கிரேடி. "டேய், ரம்பத்தை எடுங்கடா!"

சிக்னே மரத்தைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தாள். ஓரிடத்தில் பட்டை, மூடிய உதடுகள்போலப் புடைத்திருந்தது. போன குளிர்காலத்தில் அப்பா விறகு பிளந்தபோது ஒரு கட்டையின் நடுவே பழைய ஆணி ஒன்று புதைந்திருந்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"சார், நில்லுங்க! ஆணியையே முழுங்குற மரம் எண்ணை முழுங்காதா? அது உள்ளே இருக்கு!"

பெல் தலையாட்டினார். ஹால்வர் கோடாலியால் அந்தப் புடைப்பை முட்டை ஓட்டை உரிப்பதுபோல மெதுவாகக் கொத்தினார். ஒரு பெரிய சில்லு கழன்று விழுந்தது.

உள்ளே, பால்நிற மரத்தில், பளிச்சென்று பதினாறு!

கிரேடியின் வாயிலிருந்து சுருட்டு நழுவியது.

"கிரேடி, கம்பத்தை நீங்களே பிடுங்கி இங்க நடுங்க. நான் அளந்து பார்ப்பேன்" என்றார் பெல். நொண்டினாலும் குரல் நிமிர்ந்திருந்தது.

"வாங்க முதலாளி, நானும் ஒரு கை பிடிக்கிறேன்" என்றார் ரம்பக்காரர் ஒருவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஹால்வர் மகளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"அப்பா, நம்ம காடு எதுவரைக்கும்?"

"அதோ, அந்த மேடு வரைக்கும்தான் கண்ணு. சின்னதுதான்."

அந்த மேடுவரை மரங்கள் காற்றில் ஒன்றாக அசைந்தன.

"நமக்கு அது போதும்ப்பா" என்றாள் சிக்னே.