டிக்கி மூடிய பிறகு

காரின் டிக்கி மூடி மெல்ல இறங்கியது. மூட ஒரு சாண் இருக்கும்போது எதையோ இடித்ததுபோல நின்றது. 'பீப் பீப்' என்று கத்திவிட்டு மறுபடி மேலே போனது. இடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

"உங்கள மாதிரியே இருக்குது இந்த வண்டி," என்றாள் மனைவி, சால்டரிங் கம்பியைத் துடைத்துக்கொண்டே. "முடியப் போற நேரத்துல எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்."

"ஆமா, மேடம் தொட்டதெல்லாம் ஒரே தடவையில முடிஞ்சுடுது பாரு," என்று அவன் சிரித்தான்.

அவன் கார் எலக்ட்ரீஷியன். பட்டறை இருவருடையதும்தான், முரட்டு வேலைகள் அவனுக்கு, விரல் நுழையாத இடத்து வயர் வேலைகள் அவளுக்கு. அன்று காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டிருந்தது. தகரக் கூரைமேல் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சே பாதிதான் காதில் ஏறியது. கிரீஸும் பழைய ரப்பரும் சால்டர் புகையும் கலந்த வழக்கமான வாடைக்கு அடியில், பல நாள் திறக்காத அறையிலிருந்து வருவதுபோல இன்னொரு வாடை, டிக்கி திறக்கும்போதெல்லாம் லேசாக எழுந்து, மூடப் போகும்போது அடங்கியது.

வண்டிக்காரர் காலையில் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, "போகாத கடை இல்லீங்க. ஒருத்தரும் முடிக்கல," என்று மட்டும் சொன்னார். சொல்லும்போது வண்டியின் பின்பக்கம் திரும்பவே இல்லை. கையிலிருந்த குடையை விரிக்க மறந்து மழையில் நடந்து போனார்.

முதலில் மூடியின் ஓரத்து ரப்பர் பட்டையைப் பார்த்தார்கள். அதற்குள்தான் சென்சார் இருக்கிறது. யார் கையாவது நடுவில் மாட்டினால் மூடியை மேலே அனுப்புவது அதன் வேலை. அதைக் கழற்றிப் போட்டும் மூடி அதே இடத்தில் நின்றது. கீல் பக்கம் மடங்கி மடங்கி அறுந்துபோகும் வயர்களை ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தாள் அவள். ஒன்றும் அறுந்திருக்கவில்லை. கடைசியில் அவன் மூடியை ஏற்றி இறக்கும் மோட்டார் தண்டையே கழற்றிவிட்டு, மூடியைக் கையால் அழுத்தினான்.

அதே ஒரு சாண்.

கெட்டியான தடங்கல் அல்ல அது. இன்னும் அழுத்தினான், கொஞ்சம் இறங்கிக் கொடுத்தது. பிறகு, கீழே குனிந்திருக்கும் ஆள் முதுகை நிமிர்த்துவதுபோல, அவன் கையை மெதுவாக மேலே தூக்கியது.

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல." உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்தான். "கீல்ல துரு ஏறியிருக்கும்."

"துருவும் இல்ல, ஒண்ணும் இல்ல. பூட்டுக் கொக்கிதான் சந்தேகம். அதை உள்ளேர்ந்து பார்த்தாத்தான் தெரியும்."

தண்டை மறுபடி மாட்டினான். ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டான். பேட்டரி வயரையும் கழற்றினான். அப்படியும் மனசு ஒப்பவில்லை. "நாளைக்குப் பார்த்துக்கலாமே," என்றான்.

"விட்டா இதோட நாளைக்கும் மல்லுக்கட்டணும்." செருப்பைக் கழற்றிவிட்டு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு டிக்கிக்குள் ஏறி, ஒருக்களித்துப் படுத்தாள்.

மூடி இறங்கத் தொடங்கியது.

மின்சாரமே இல்லாத மோட்டார் முனகியது. பாய்ந்து பிடித்தான். இரண்டு கையாலும், தோளாலும், முழு உடம்பாலும் முட்டுக்கொடுத்தான். அது அவசரப்படவில்லை. எப்போதும் இறங்கும் அதே நிதானத்தில் அவனையும் சேர்த்து அழுத்திக்கொண்டு இறங்கியது. ஒரு சாண் வந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. கடைசி நொடியில் விரல்களை உருவிக்கொண்டான்.

'டக்.'

உள்ளே அவள் சிரித்தாள். "பார்த்தீங்களா? நான் ஏறினதும் சரியாயிடுச்சு!"

"சிரிக்காதே. கொக்கி பக்கத்துல ஒரு லிவர் இருக்கும். இழு."

"இழுத்தேன். கையோட வந்துடுச்சு." டார்ச்சைத் தட்டும் சத்தம் கேட்டது. "டார்ச் அணைஞ்சுபோச்சுங்க."

கடப்பாரையை மூடியின் இடுக்கில் கொடுத்து நெம்பினான். கடப்பாரைதான் வளைந்தது. தெருவுக்கு ஓடிக் கத்தினான். எதிர்க்கடை பூட்டியிருந்தது, முழங்கால் தண்ணீரில் ஒரு ஆள் நடமாட்டம் இல்லை. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டான். ரோடெல்லாம் வெள்ளம், எப்படியும் வந்துவிடுகிறோம் என்றார்கள். திரும்பி ஓடிவந்தான்.

"ஏங்க," என்றாள். குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "பின்சீட்டைத் திறந்துட்டீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"அப்போ என் காலைப் பிடிச்சிருக்கிறது யாரு?"

அவன் மூடியை இரண்டு கையாலும் அறைந்தான்.

"காலை இழுத்துக்கோ! உதை! நான் வர்றேன், இதோ வர்றேன்!"

பின்சீட்டில் ஏறினான். சாய்மானம் அசையவில்லை. கத்தியால் குத்திக் கிழித்தான். பஞ்சைப் பிய்த்தான். நகம் பெயர்ந்தது தெரியவில்லை. தகட்டைக் கால் வைத்து மிதித்தான். மிதித்தான். "வந்துட்டேன்மா, வந்துட்டேன்." தகடு மடங்கியது. போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தான்.

டிக்கி காலியாக இருந்தது.

கையோடு வந்த லிவர். அணைந்த டார்ச். அவ்வளவுதான். மூடி மூடியபடியே இருந்தது.

"அப்பாடா, வெளிச்சம் தெரியுது," என்றது அவள் குரல். அந்தக் காலி இடத்திலிருந்துதான். "ஏங்க அவ்வளவு தூரத்துல நிக்கிறீங்க?"

கையை நீட்டினால் எதிர்ச்சுவரைத் தொட்டுவிடலாம். தொட்டான். குளிர்ந்த தகரம்.

"நீ எங்கே இருக்கே?" போனை இன்னும் உள்ளே நீட்டினான். "வெளிச்சத்தைப் பார்த்துக்கிட்டே வா. நிக்காதே. வா."

"வர்றேன். தவழ்ந்துதான் வர முடியுது."

முழங்கால்கள் இழுபடும் சத்தம் கேட்டது. அவள் மூச்சிரைப்பு. சத்தம் நெருங்கியது. அவன் மார்புவரை உள்ளே நுழைந்து கையை நீட்டினான். காற்றைத் துழாவினான். மூலை மூலையாகத் துழாவினான்.

"இன்னும் கொஞ்சம்மா. இன்னும் கொஞ்சம்."

"ஆங்... பிடிச்சுட்டேன்!" அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "உங்க கையைப் பிடிச்சுட்டேங்க. இழுங்க."

அவன் கை வெறுமையாக இருந்தது.

"விடு," என்றான். வெறும் காற்றுதான் வந்தது. "விடு! அது நான் இல்ல! கையை விடு!"

அவளுக்குக் கேட்கவில்லை. "என்ன இது, கை இப்படிச் சில்லுனு இருக்கு? மழையில நனைஞ்சீங்களா? மெதுவாத்தான் இழுங்களேன்..."

முழங்கால்கள் மறுபடி இழுபட்டன. இந்தத் தடவை சத்தம் விலகிப் போனது. அவன் தொண்டை கிழியக் கத்தினான். தகரத்தை அறைந்தான். உள்ளே, வெகு தூரத்தில், அவள் நின்று திரும்பியதுபோல ஒரு அமைதி.

"ஏங்க... அங்கே யாரோ கத்துறாங்களே?"

"யாரும் இல்லம்மா," என்றது அவனுடைய குரல், அவள் பக்கத்திலிருந்து. "நீ வா."