அடித்த வரி

உறையைக் கிழித்ததும் மேசையில் மண் கொட்டியது. ஒரு பிடி இருக்கும், ஈரமாக. போர்முனைக் கடிதத்தில் மண் ஒட்டியிருப்பது புதிதில்லை. ஆனால் இந்தக் கடிதக் கட்டில் இப்படி மண் கொட்டும் ஏழாவது உறை இது.

அவள் மண்ணைக் குப்பைக்கூடையில் தள்ளிவிட்டுப் பேனாவை எடுத்தாள். கடிதத் தணிக்கைப் பிரிவில் கைவேகத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதுவதில் இடம், ஆள்கணக்கு, புலம்பல் எதுவும் இருக்கக்கூடாது. கண் படித்து முடிக்கும் முன்பே கை மையால் அடித்திருக்கும்.

சொந்தக்காரர் கடிதம் வந்தால் பக்கத்து மேசைக்குத் தள்ள வேண்டும் என்பது விதி. போன மாதம் மகன் கடிதத்தை ஆசையில் அவளே பிரித்தாள். ‘பதுங்குகுழிக் கூரை விரிசல் விட்டிருக்கும்மா, மேல யார்கிட்டயாவது சொல்லு’ என்று எழுதியிருந்தான். சொன்னால் பிரித்தது தெரிந்துவிடும், வேலை போய்விடும். புலம்பல் என்று அடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவனோடிருந்தவர்களும் அதையே எழுதியிருந்தார்கள். அவற்றையும் அடித்தாள்.

நாலாம் நாள் கூரை விழுந்தது. தோண்டிப் பார்க்க வழியில்லை என்று தகவல் வந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. மறுநாளே வேலைக்கு வந்து உட்கார்ந்தாள், வீட்டில் இருந்து என்ன செய்ய.

“என்னக்கா, ஒரே மண் வாசனை? ஆபீஸ்லயே தோட்டம் போடறீங்களா?” என்றாள் பக்கத்து மேசைக்காரி.

“ஒண்ணுமில்ல. உன் வேலையப் பாரு.”

நடுப்பகல். மின்விசிறியின் கிறீச்சொலிக்கும், அறை முழுக்கப் பேனாக்கள் தாளில் உரசும் சத்தத்துக்கும் அடியில், நகத்தால் எதையோ பிறாண்டும் சத்தம் ஒன்று, விட்டுவிட்டு, அவள் முன்னாலிருந்த கட்டுக்குள்ளிருந்தே வந்துகொண்டிருந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினாள். நின்றது. காலையிலிருந்து அடித்த அந்த ஏழு மண் கடிதங்களிலும் என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவில்லை.

எட்டாவது உறை. உள்ளேயிருந்த தாளில் நேற்றைய தேதி.

மகனின் கையெழுத்து.

‘அம்மா, நாங்க பன்னிரண்டு பேரும் இன்னும் உள்ளேதான் இருக்கோம். ஆத்துப் பாலத்துக்குக் கிழக்கே. மூச்சு முட்டுது. தோண்டச் சொல்லும்மா.’

எழுந்து ஓட வேண்டும். அதிகாரியின் கதவைத் தட்ட வேண்டும். தெரிந்தது. கால் அசையவில்லை.

கை அசைந்தது.

ஆள்கணக்கு. இடம். புலம்பல்.

“ஐயோ” என்றாள். புடவைத் தலைப்பால் துடைத்தாள். மை இன்னும் அகலமாகப் பரவி, ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை.

கறுப்புப் பட்டையின் நடுவில் தாள் மெல்ல உப்பியது. உள்ளே அமுங்கியது. வாய்மேல் போர்த்திய துணிபோல மறுபடி உப்பியது.

அமுங்கியது.

பிறகு மெதுவாக.

இன்னும் மெதுவாக.